பரிசோதனை நாள் வரை

என் மனைவி நவால் இறந்த பிறகு எங்கள் மகள் ரிதாஜ் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வயிறு மட்டும் ஊதியிருந்தது. ஐந்து வயதாகியும் பழைய சட்டைகள் தொளதொளவென்று தொங்கின.

அல்ஜீரியாவில் எங்கள் ஊரான செத்தீஃபில் வயிற்றுவலி என்றால் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: பெருங்குடல், நரம்புக் கோளாறு. நவாலுக்கும் பல வருடம் அதையேதான் சொன்னார்கள். கடைசியில் வயிற்றைத் திறந்தபோது சிறுகுடலில் கட்டி இருந்தது. திரும்ப மூடிவிட்டார்கள். ரிதாஜுக்கும் ஒரு மருத்துவர், தாயை இழந்த துக்கம் குடலில் இறங்கிவிட்டது என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கோதுமை சிலர் குடலுக்கு ஆகாது என்று இணையத்தில் படித்துவிட்டு நானே ரொட்டியை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை செய்யும் கோதுமை ரவை உணவான குஸ்குஸையும் நிறுத்தினேன். நான் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் நவாலின் அக்கா ஃபவ்ஸியா. அவளுக்குத் தாங்கவில்லை.

"ரொட்டி இல்லாம அரிசியப் போட்டு வளக்க நாம என்ன சீனாக்காரங்களா, தம்பி?"

வாரங்கள் போயின. பேதி நிற்கவில்லை. அப்படியானால் கோதுமை இல்லை, நவாலுக்கு வந்ததுதான் இவளுக்கும் என்று முடிவு செய்தேன். அந்த நினைப்போடுதான் அல்ஜியர்ஸில் குழந்தைகளின் குடல் மருத்துவரைப் பார்க்கப் போனேன். ஃபவ்ஸியாவும் வந்தாள்.

கோதுமையை நிறுத்திவிட்டேன் என்றதும் அந்த மருத்துவர் அம்மா எழுதுவதை நிறுத்தினார்.

"யாரக் கேட்டு நிறுத்தினீங்க? கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் அது ஆகலையான்னு ரத்தத்துல தெரியும். இப்ப எடுத்தா ஒண்ணுமில்லன்னுதான் வரும்."

மறுபடி ரொட்டி கொடுத்து, சில மாதம் கழித்துக் கூட்டிவரவேண்டுமாம். அவர் ரிதாஜின் கையைப் பிடித்துப் பார்த்தார். அத்தனை மாதம் இவள் தாங்குவாளா என்று நான் கேட்டேன்.

ஃபவ்ஸியா குறுக்கிட்டாள். "இவரு பட்டினி போட்டாலும் நான் போடல. காலையிலயும் சாயங்காலமும் தல்பீனா குடுக்கறேன். தேன் விட்டு."

தல்பீனா என்பது பார்லி மாவைப் பாலில் காய்ச்சிய கஞ்சி. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்க நபி சொன்னது. எங்கள் வீட்டில் ஒரே பிள்ளை இரண்டுமாக இருந்தாள். ஃபவ்ஸியா அதைக் கொடுப்பது எனக்கும் தெரியும். நவாலை அடக்கம் செய்த வாரம் நானும் குடித்தேன். அதை யாரும் தானியமாக நினைப்பதில்லை, மருந்தாகத்தான்.

"பார்லியிலயும் கோதுமையில உள்ள அதே புரதம்தான் இருக்கு," என்றார் மருத்துவர். "அப்ப இன்னிக்கே ரத்தம் எடுத்துடலாம்."

ஃபவ்ஸியாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பேதி நிற்காததற்குத் தன் கஞ்சிதான் காரணம் என்று பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

முடிவு வந்தது. கோதுமையும் பார்லியும் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய்க்கான அறிகுறி இரத்தத்தில் இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மயக்கம் கொடுத்து, குழாய் விட்டுக் குடலைப் பார்க்கவேண்டும். அடுத்த மாதம்தான் இடம் கிடைத்தது.

"அதுவரைக்கும் கஞ்சிய நிறுத்தாதீங்க. ரொட்டியும் சேத்துக் குடுங்க. நிறுத்தினா குடல் ஆற ஆரம்பிச்சிடும், நமக்குத் தெரியாமலே போயிடும்."

தன் தங்கைக்கு இருந்ததும் இதுதானா என்று ஃபவ்ஸியா கேட்டாள். தான் பார்க்காத நோயாளியைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். கவனிக்காமல் விட்டால் அரிதாகச் சிலருக்குக் கட்டி வருவதுண்டு என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபவ்ஸியா பார்லி மாவை என் கையில் கொடுத்தாள்.

"தெரியாம குடுத்தது வேற, தம்பி. இனிமே என் கையால முடியாது."

நானே காய்ச்சினேன். அடிப்பிடித்தது. இன்னொரு முறை காய்ச்சினேன். ரொட்டியைப் பிய்த்துப் போட்டு எடுத்துப்போனேன். ரிதாஜ் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"வயிறு வலிக்கும், பாபா."

"வலிக்கும்."

"அப்புறம் ஏன் குடுக்கறே?"

"உனக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"அம்மாவுக்கு என்னன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல."

ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். அவள் வாயைத் திறந்தாள்.