எண்பதாவது எழுத்து

காலை ஐந்தரைக்கே மேலூர் ரோட்டு நூல் மில் கேட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாரும் பதிலிகள், நிரந்தர ஆள் வராத இடத்தில் நின்று வேலை பார்க்கிறவர்கள். அன்றைய பட்டியலில் பெயர் இருந்தால்தான் காவல்காரர் காசிமாயன் உள்ளே விடுவார். டைம் ஆபீஸ் கிளார்க் சௌரிராஜன் பட்டியலை ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் செல்லத்தாய் மறித்துவிட்டாள்.

"சார், மூணு நாளா என் பேரு வரல. எரநூத்து நாப்பதுக்கு இன்னும் பதிமூணு நாள்தான் கெடக்கு."

வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் முடித்தால் நிரந்தரம் கேட்கலாம். ஆறு வருஷமாக அந்தக் கணக்கு எட்டாமலே நழுவியது. இந்த வருஷம்தான் கைக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

என்னத்தைச் சொல்ல? அவள் பெயர் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது, சௌரிராஜன் கண்ணாலேயே பார்த்தார். பட்டியலுக்கு மூன்று பத்தி. பிரிண்டரோ இரண்டு பத்தியோடு நின்றுவிடுகிறது. அகலத் தாளின் வலது பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. அங்கே வரவேண்டியவர்கள் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவுப் பெண்கள் பதினொரு பேர்.

திங்கட்கிழமை மெட்ராஸ் இன்ஜினியர்தான் மில்லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்த்தார். வரிக்கு நூற்று முப்பத்திரண்டு எழுத்து அடிக்கிற பெரிய பிரிண்டருக்கு, எண்பதோடு நிற்கிற சின்னப் பிரிண்டரின் அமைப்பைப் போட்டுவிட்டார். ஒரு கடிதம் அடித்துப் பார்த்தார், அழகாக வந்தது, சாப்பிட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். அதை மாற்ற, எல்லாவற்றையும் திறக்கிற 'ரூட்' பாஸ்வேர்ட் வேண்டும். அதுவும் அவரோடு ரயிலேறிவிட்டது. சௌரிராஜனுக்குக் கொடுத்தது ஆறு எண்கள் உள்ள மெனு. மூன்றை அழுத்தினால் பட்டியல். ஏழை அழுத்தினால் பீப் என்று கத்தும். அவ்வளவுதான் அவருடைய அதிகாரம்.

பேனாவால் எழுதிவிடலாமே என்றால், அதுதான் கூடாது. மேஸ்திரிகள் கோழி வாங்கிக்கொண்டு பெயர் எழுதியதை ஒழிக்கத்தான் மெஷினே வந்தது. மையால் எழுதின பெயர் செல்லாதென்று மேனேஜரின் நோட்டீஸ் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. மெஷின் வருகிறதென்றதும் முதலில் சந்தோஷப்பட்டவளே செல்லத்தாய்தான். ஒரு மேஸ்திரிக்கும் அவள் கோழி கொடுத்ததில்லை.

பதினொரு பேரையும் உள்ளே விடச் சொல்லிக் காசிமாயனிடம் சௌரிராஜன் கேட்டுப் பார்த்தார்.

"தாள்ல இல்லையே சார்," என்றார் அவர், கேட்டைப் பிடித்தபடி. "நாளைக்கு எம் பொழப்புக்கு யாரு பதில் சொல்லுவா?"

மேனேஜர் டிரங்க் கால் போடச் சொன்னார். இன்ஜினியர் கோயம்புத்தூரில் இருந்தார்; அடுத்த வாரக் கடைசியில் வருவதாகச் சொன்னார். ஆறாம் நாள் திரையில் பதினொரு பெயருக்கும் எதிரே 'ஆப்சென்ட்' விழுந்திருந்ததைச் சௌரிராஜன் கண்டார். தினமும் கேட்டிலேயே நிற்கிறவர்கள் எப்படி ஆப்சென்ட் என்று ஓடிப்போய்க் கேட்டார்.

"மெஷின் லிஸ்ட்ல பேர் இருக்கு. ஆள் உள்ள வரலை," என்றார் மேனேஜர், பைலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அப்ப ஆப்சென்ட்தானே?"

இன்ஜினியர் வந்தது பன்னிரண்டாம் நாள் சாயங்காலம். பத்தே நிமிஷ வேலை. நான்கு வரி தட்டினார். சோதனைக்கு அடித்த வரி தாளின் ஓரம்வரை போனது. சௌரிராஜன் வீட்டுக்குப் போகாமல் நேரே கேட்டுக்கு ஓடினார். செல்லத்தாய் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"நாளைக்கு உன் பேரு வந்துரும்மா," என்றார். அவள் கும்பிட்டாள்.

விடிந்ததும் மூன்றை அழுத்தினார். அச்சுத்தலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடி ஓடித் திரும்பியது. மூன்றாம் பத்தி வந்தது. தலைப்பு வந்தது, கோடுகள் வந்தன, கட்டங்கள் வந்தன. பெயர்கள்தான் வரவில்லை. தொடர்ந்து பத்து வேலை நாள் வராத பதிலிகளை மெஷின் முந்தின ராத்திரி தானாகவே நீக்கியிருந்தது. வேண்டுமானால் புது ஆளாக மனுப் போடட்டும், நாள் கணக்கு முதலிலிருந்து, என்று மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஒட்டும்போது சௌரிராஜன் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லத்தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. தன் டோக்கன் எண் அறுநூற்றுப் பதினாலு மட்டும் தெரியும். ஓரம்வரை நிறைந்திருந்த தாளில், மூன்றாம் பத்தியின் வெற்றுக் கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கீழே இறங்கினாள். அடிவரை போனதும் தூக்குவாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, முதல் கட்டத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.