போட்டோ அப்பாவுக்கு நரைத்த கதை

உயிரோடு இருக்கும்போதே செத்தவர் என்று பேர் வாங்குவது லேசான காரியமா? அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். நம் மீட்டர்க்காரருக்கு அது இருந்தது.

தண்ணீர் அலுவலகத்தில் அவருக்கு வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற உத்தியோகம். வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுப்பார். மாடியில் தூங்குகிறவர்கூட எழுந்துவிடுவார். குழியின் மூடியைத் தூக்கி, கண்ணாடியில் அப்பிய சேற்றைத் துணியால் துடைத்து, குனிந்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வருஷக்கணக்காக வந்துபோனாலும் அவர் முகம் எந்த வீட்டிலும் யாருக்கும் நினைவில் இல்லை. குனிந்த தலையைத்தானே எல்லாரும் பார்த்தார்கள்!

ஆபீஸ் ஆண்டு விழா நாடகத்தில் மட்டும் மனிதர் நிமிர்ந்து நிற்பார். அதைப் பார்த்த யாரோ சொல்லி, டிவியில் வரப்போகும் பேய்த் தொடர் ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். நல்ல சட்டையாகப் போட்டு நிறுத்தி, நெஞ்சு வரைக்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள். "அவ்வளவுதான் சார், கிளம்பலாம்" என்றார்கள். கதை தொடங்குவதற்கு முன்பே செத்துப்போன அப்பா அவர். வாயைத் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தப் படம் ஐந்து வருஷமாகத் தொடரில் வருகிற வீட்டின் கூடத்தில் தொங்கியது. கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. பேய் வந்து மிரட்டினாலும், மந்திரவாதி வந்து கெடுத்தாலும், மகள் அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் அழுவாள். அதனால் நம்மவர் முகம் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

காய்கறிக் கடையில் ஒரு அம்மாள் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க செத்துட்டீங்கல்ல?" என்றாள்.

"ஆமாம்மா. கொஞ்சம் நகந்துக்குங்க, தக்காளி எடுக்கணும்."

எல்லாருக்கும் சிரிப்பு. அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வராது. தொடரின் பாட்டு காதில் விழுந்ததும் சமையலறையில் அவளுக்கு எங்கிருந்தோ வேலை முளைத்துவிடும்.

"உசுரோட இருக்கற மனுஷனைச் சுவத்துல மாட்டி, சுத்தி நின்னு அழுவாங்களாம். அதை நான் உக்காந்து பாக்கணுமாம்" என்பாள். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் பார்த்ததில்லை. அவர் தைரியசாலி போல இருந்துகொள்வார். ஆனாலும் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, ஒரு நாள் போன் வந்தது. மகளுக்கு ஆறுதல் சொல்ல, போட்டோவிலிருந்து அப்பா இறங்கி வருகிறாராம். ஒரே ஒரு வசனம்: "பயப்படாதேம்மா, நான் இருக்கேன்."

அன்றிலிருந்து குளியலறையில் இதே பாராயணம். "இதையாவது வந்து பாரேன்" என்று மனைவியிடம் கேட்டார்.

"முதல்ல இறங்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றாள் அவள். அந்தப் 'பாக்கலாம்'தான் அவருக்குக் கிடைத்த சத்தியம். அதை மடியில் முடிந்துகொண்டு படப்பிடிப்புக்குப் போனார்.

அவர் உள்ளே நுழைந்ததும் அங்கே ஒரு கூச்சல். கத்தியது யார் என்கிறீர்கள்? பேய்தான்! தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவள், சுவரில் பார்த்த முகம் நடந்து வருவதைக் கண்டு பிஸ்கட்டைக் கீழே போட்டுவிட்டாள். நடிக்க வருமுன் மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தவள் அவள். இருபது குழந்தைகளை ஒரே பார்வையில் உட்கார வைத்த கண்ணுக்காகத்தான் அவளைப் பேயாக எடுத்தார்கள்.

மகளாக நடிப்பவள் ஓடி வந்தாள். முன்பு செருப்புக் கடையில் வேலை பார்த்த பெண். யாரைப் பார்த்தாலும் அவள் பார்வை முதலில் பாதத்துக்குத்தான் போகும்.

"அப்பா, உங்களுக்குக் கால் இருக்கே! எட்டாம் நம்பர், சரியா?"

"ஒன்பதும்மா."

"வீங்கியிருக்கு. அதான். உக்காருங்கப்பா முதல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அழுகை வர மருந்தெல்லாம் தேவையில்ல, தெரியுமா? உங்க படத்துக்கு முன்னாடி நின்னு என் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் மனசுக்குள்ள உங்ககிட்டதான் சொல்லுவேன். இப்ப நேர்ல பாக்கவே வெக்கமா இருக்கு."

"ஒண்ணும் கேக்கலம்மா. நடுவுல கண்ணாடி இருந்துச்சுல்ல" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

டைரக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு இளைஞர். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் கன்னங்கரேலென்ற முடி, முறுக்கிய மீசை, சிரிப்பில் முன்பற்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. எதிரே இருப்பவருக்கோ தலை பஞ்சுப்பொதி. மீசை இளைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது.

"சார், செத்தவருக்கு எப்படி சார் வயசாகும்?" என்றார் டைரக்டர், பாவமாக.

உயிரோடு இருந்தது ஒரு குற்றமா என்று திகைத்து நின்றார் மீட்டர்க்காரர்.

விக் வந்தது, மை வந்தது, மாவு மாவாகப் பவுடரும் வந்தது. மந்திரவாதியாக நடிப்பவர் அவர் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். நடிக்க வருமுன் பல்செட் செய்து பிழைத்தவர். மந்திரவாதி வேஷத்துக்கு மாட்டுகிற கோரைப்பல் இரண்டும் அவர் கைவேலைதான்.

"முன்பல் கட்டினதா? நல்ல வேலைதான். ஆனா பல்லுக்கு நடுவுல இருந்த சந்தை அடைச்சுட்டானே படுபாவி! அந்தச் சந்துலதானே உங்க சிரிப்பே இருந்துச்சு" என்று அங்கலாய்த்தார்.

எல்லாம் போட்டு நிறுத்தினால், திருவிழாவில் விற்காமல் போன பொம்மை மாதிரி இருந்தார். போதாக்குறைக்கு, பதற்றத்தில் வசனத்தை வாசலில் நின்று மீட்டர் கூப்பிடுகிற குரலில் விட்டார். "பயப்படாதேம்மா!" என்றதும் விளக்குப் பிடித்தவர் துள்ளிக் குதித்தார்.

டைரக்டர் அவரைத் தனியே அழைத்துப் போனார். "தப்பா நினைக்காதீங்க சார். அந்தப் போட்டோவையே கம்ப்யூட்டர்ல வாய் அசைய வெச்சுடறோம். குரலுக்கு வேற ஆள் பாத்துக்கறோம். உங்களுக்குப் பேசின சம்பளம் வந்துடும். வீட்டுல நிம்மதியா இருங்க."

சம்பளமா பெரிது? இறங்கினால்தானே மனைவி பார்ப்பாள்! அதை யாரிடம் சொல்ல? "சரிங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். குழாயடியில் போய் மையையும் பவுடரையும் கழுவினார். தண்ணீர் கறுப்பாக ஓடியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லிக்கொண்டு போகலாம் என்று மகளைத் தேடினார். அவள் அந்தக் கூடத்தில், படத்துக்கு முன்னால், வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"வர்றேம்மா" என்றார், சாதாரணமாக.

அவள் திரும்பினாள். மேலே படம், கீழே அவர். நரைத்த தலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்ன நினைத்தாளோ, கண் நிறைந்துவிட்டது.

"என்னப்பா இப்படி வயசாயிடுச்சு?"

அது நடிப்பா, நிஜமா? அவளுக்கே தெரிந்திருக்காது. அவரும் யோசிக்கவில்லை. வீட்டில் பேசுகிற குரலில், வாயில் வந்ததைச் சொன்னார்.

"உன்னைப் பாத்துக்கிட்டே நின்னேனா, ஆயிடுச்சும்மா. நீ அழும்போதெல்லாம் ஒவ்வொரு முடியா நரைச்சுது."

தேநீர் கொண்டுவந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார்.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பேய்க்கு வயசாகலையே? அதுவும் அஞ்சு வருஷமா அப்படியேதானே இருக்கு? ஜனங்க கேப்பாங்களே!"

"கேட்டா நான் சொல்றேன்" என்று எழுந்தாள் பேய். டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது. "எனக்கு என்ன கவலை? புள்ளையா குட்டியா? பழிவாங்கறது ஒண்ணுதான் எனக்கு வேலை. மத்தவங்க உசுரை எடுத்துட்டு நான் ஜாலியா இருக்கேன், எனக்கு ஏன் நரைக்கும்? அவரு பெத்தவரு. செத்தாலும் கவலை விடுமா? அவருக்கு நரைக்கத்தான் செய்யும். உக்காருங்க, சீனை எடுங்க."

டைரக்டர் உட்கார்ந்துவிட்டார். பழைய பிள்ளைகள் போலவே.

"பல்லு?" என்றார் கடைசியாக, மெல்ல.

"சிரிக்காம பேசச் சொல்லுங்க" என்றார் மந்திரவாதி.

ஒரே டேக். சொன்னதையே சொன்னார், கழுவிய முகத்தோடு. ஆனால் முடிவில் மகள் அவர் பாதத்தைத் தொட்டபோது சிரித்துவிட்டார். யாரும் வெட்டவில்லை.

அது டிவியில் வந்த அன்று ராத்திரி பாட்டு கேட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் கேட்டது. அவர் கூப்பிடவில்லை. அவர் முகம் படத்தில் மெல்ல அசையும்போது, பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் மனைவி.

அவர் சுவரிலிருந்து இறங்கினார். நரைத்த தலையோடு பேசினார். அவள் டிவியைப் பார்த்தாள், ஒருமுறை திரும்பி அவரைப் பார்த்தாள், மறுபடி டிவியைப் பார்த்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"பொய் சொல்றீங்க. பாதி நரை என்னாலதான்" என்றாள்.

"அதை எப்படி அங்க சொல்றது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டிவியில் மகள் அப்பாவின் காலடியில் இருந்தாள். அந்தக் கூடத்து ஜன்னலுக்கு வெளியே வெளுக்கத் தொடங்கியது.

"இப்ப என்ன ஆகும்?"

"விடியப் போகுதுல்ல, நான் திரும்ப ஏறிடுவேன்."

"எங்க?"

"எங்க ஏறுவேன்? சுவத்துலதான். கதை அப்படி."

அவள் ரிமோட்டை எடுத்தாள். பட்டென்று டிவியை அணைத்தாள்.

"ஏய், இன்னும் முடியல!"

"எனக்கு முடிஞ்சுடுச்சு. இறங்கின மனுஷன் இறங்கினபடியே இருக்கட்டும். கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

அவள் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அவர் கை கழுவிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "வந்துட்டேன்!" என்றார், பழைய மீட்டர்க் குரலில்.

மாடி வீட்டில் யாரோ எழுந்து விளக்கைப் போட்டார்கள்.