மறுத்தவர் பெயர்

கீழப்பழுவூர் கவிதாவுக்குக் கண் தெரியாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் இருப்பதை அவளுக்குப் படித்துச் சொல்வது 'செவி' என்ற இலவச மென்பொருள். அதை எழுதியவர் லெப்பைக்குடிக்காடு அன்சார். குரலும் அவருடையதுதான். மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வெள்ளிக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிந்தது.

அவர் இருந்தவரை அவர் வைத்ததுதான் சட்டம். கவிதாவும் சேர்த்துச் செவிக்காக உழைக்கும் ஆறு பேர் இணையத்தில் முட்டி மோதுவார்கள். அவர் 'பொறுங்க' என்று ஒற்றைச் சொல் எழுதுவார், எல்லாம் நின்றுவிடும். அவர் மாரடைப்பில் போனதும், தடி எடுத்தவனெல்லாம் தண்டல்காரன் ஆகிவிடக் கூடாதென்று குழு ஒரு நடைமுறை வகுத்தது. எந்த மாற்றத்தையும் யாரும் முன்வைக்கலாம். மூன்று நாள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம். ஒருவர் மறுத்தாலும் நிற்கும். மறுத்தவரே மறுப்பைத் திரும்பப் பெற வேண்டும். நல்ல முறைதான். ஆனால் எல்லோர் கருத்தையும் கவிதாவுக்குச் செவிதான் படித்தது. ஊர் கூடித் தேர் இழுத்தாலும் அவள் காதுக்கு ஒரே ஆள் இழுத்த மாதிரிதான்.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்த மறுவாரம் அன்சாரின் மனைவி நஜீமா போன் செய்தாள்.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல கண்ணு தெரியாத ஒருத்தரு போன்ல அவங்க பேசுறாங்க கவிதா. எங்க நாலு வயசுப் புள்ள, ஆஃப்ரா, பெத்தவங்க குரலக் கேட்டு 'அத்தா'ன்னு ஓடிருச்சு. அந்தக் குரல எடுத்துருங்கம்மா. மவுத்தாப் போய்ட்டவங்கள நிம்மதியா வுடுங்க."

கவிதா வாக்குக் கொடுத்தாள். ஏழு வருடம் காதோடு இருந்த குரலை விட அவளுக்கு மனமே இல்லை. ஆனாலும் அந்த அழுகைக்கு முன்னால் என்ன பேச முடியும்? மேகலா என்ற ஆசிரியை பதிந்து தந்த புதுக் குரலை முன்வைத்தாள். நஜீமா குழுவின் பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

இரண்டு நாள் யாரும் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கெடு முடியச் சற்று முன்னால், செவி படித்தது: "பொறுங்க."

கவிதா உடனே போனை எடுத்தாள். குழுவிலிருக்கும் எறையூர் ராஜராஜனைக் கூப்பிட்டாள்.

"யாருங்க மறுத்தது?"

"என்னங்க இது? நீங்கதான் போட்டுருக்கீங்க. உங்க பேருதான் இருக்கு."

அவள் விசைப்பலகையைத் தொடவே இல்லை. தொடவில்லையா? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் குரல் போகக் கூடாதென்று மூன்று நாளாக மனசு கெஞ்சியது பொய்யில்லையே.

'மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன்' என்று தட்டினாள். செவி திருப்பிப் படித்தது: "பொறுங்க." அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். "பொறுங்க." குழுவை அடக்கிய அதே நிதானம்.

"அண்ணே, அக்கா பாவம்ணே," என்று வாய்விட்டுச் சொன்னாள். பிறகு செவியை அணைத்தாள். பழகிய விரல், தப்பாது. அதே வரியை எழுத்தெழுத்தாகத் தட்டி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் நஜீமா கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"ரெண்டாவது தடவையும் 'பொறுங்க'ன்னே போட்டுட்டீங்களே கவிதா. ஊருக்கு வந்துருங்கன்னு நான் கேக்குறப்பல்லாம் அவங்களும் இதைத்தான் சொன்னாங்க."

'நான் இல்லக்கா' என்று சொல்லத்தான் கவிதா வாயைத் திறந்தாள்.

"பொறுங்க," என்று அவள் வாயிலிருந்தே வந்தது.

அந்தப் பக்கம் ஆஃப்ரா "அத்தா!" என்று கத்திக்கொண்டு போனை நோக்கி ஓடிவந்தது.