விபூதிப் புதனும் இரண்டு நட்சத்திரமும்

அல்போன்சம்மாள் கழுவிய குளியலறையில் குறை கண்டுபிடிக்க வேண்டுமானால் பூதக்கண்ணாடியோடுதான் வர வேண்டும். அப்படி வந்தவர்களும் உண்டு. ஒரு மகராசி டிஷ்யூவைச் சுருட்டிக் குழாயின் பின்பக்கம் விட்டுத் துடைத்துப் பார்த்தாள். டிஷ்யூ வெள்ளையாகவே வந்ததும் ஏமாந்துபோய், படிக்கட்டு செங்குத்தாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனாள். படிக்கட்டைக் கட்டியது அல்போன்சம்மாளா? நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ கட்டியது.

கெர்பாவ் ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்தப் பழைய ஷாப்ஹவுஸின், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியதன், மாடியில் ஆறு அறைகள். சமையலறையும் குளியலறைகளும் எல்லாருக்கும் பொது. வாசலில் ‘ஹோம்ஸ்டே’ என்று போர்டு தொங்கினாலும் வாங்கியிருப்பது முறையான ஹோட்டல் லைசென்ஸ். முதலாளி வெங்கட். முன்மேசையில் பவித்ரா. மற்றதெல்லாம் அல்போன்சம்மாள். வயது அறுபத்தொன்று. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறி வந்து, ஒன்பது வருஷமாக அந்த ஆறு அறைகளையும் தன் வீட்டைப் போல வைத்திருக்கிறாள். சிவப்புத் துணி கழிவறைக்கு, நீலம் அறைகளுக்கு, மஞ்சள் சமையலறைக்கு. யாராவது மாற்றி எடுத்தால் அன்றைக்குக் கொலை விழும். லாண்டரியிலிருந்து வந்த விரிப்பை மோந்து பார்க்காமல் கட்டிலில் போட மாட்டாள்.

அன்றைக்கு விபூதிப் புதன். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் நாள். லூர்து மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும், சாமியார் நெற்றியில் பூசிவிட்ட சாம்பலோடு நேரே வேலைக்கு வந்துவிட்டாள். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பல். கறுப்பாகத்தான் இருக்கும். சாமியாருக்குத் தாராளமான கை வேறு, சிலுவையின் கால் புருவம் வரை இறங்கிவிட்டது. அதை அவள் ஆயுசில் ஒருநாளும் கழுவியதில்லை. தானாக உதிர்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். ஒருசந்தி நோன்பு என்பதால் வயிற்றில் வெறும் கோப்பி. இந்த நாற்பது நாளும் கோபத்தை விட்டுவிடுகிறேன் தாயே என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டும் வந்திருந்தாள். மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பத்து மணிக்கு நாலாம் நம்பர் அறைக்கு விரிப்பு மாற்றப் போனாள். கணவனும் மனைவியுமாக இரண்டு நாளாகத் தங்கியிருப்பவர்கள். கதவைத் திறந்த அந்தப் பெண் அல்போன்சம்மாளின் நெற்றியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, அங்கே அழுக்கு என்றாள்.

“சர்ச், மேடம். சர்ச்,” என்று சிரித்தாள் அல்போன்சம்மாள்.

அந்தப் பெண்ணும் தலையாட்டினாள். விஷயம் முடிந்தது என்று நினைத்து அல்போன்சம்மாள் தலையணை உறைகளை உதறி மாட்டினாள். எங்கே முடிந்தது!

மதியம் ஒரு மணிக்குப் பவித்ரா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் முகமே சரியில்லை.

“ஆன்ட்டி, கோபப்படாதீங்க. ஒண்ணு காட்டணும்.”

இங்கே தங்கியவர்கள் நட்சத்திரம் போடும் பக்கம் அது. நடைவழியில் வாளியோடு குனிந்து நிற்கும் அல்போன்சம்மாளின் படம். எப்போது எடுத்தார்களோ, அவளுக்கே தெரியாது. நெற்றியை மட்டும் பெரிதாக்கி இன்னொரு படம். கீழே இரண்டு நட்சத்திரம். பவித்ரா ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்: “ரூம் சுத்தம்தானாம். ஆனா கிளீன் பண்றவங்களே மூஞ்சி கழுவாம கரியோட வர்றாங்களாம். அவங்க தொட்ட தலகாணில எப்படிப் படுக்கிறதுன்னு கேக்குறாங்க. நாங்க எதிர்பாத்தது இது இல்லன்னு எழுதியிருக்காங்க.”

“போகட்டும். தெரியாதவங்க. அதுக்குக் கீழ என்னமோ இருக்கே, அது என்ன?”

பவித்ரா ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அது... பாஸ் போட்ட பதில்.”

“படி.”

“உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துகிறோம். அந்த ஊழியரைக் கண்டித்துவிட்டோம். தன்சுத்தம் பற்றி அவருக்குப் பயிற்சி கொடுப்போம்.”

தன்சுத்தமாம்! பயிற்சியாம்! அல்போன்சம்மாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தைக்கூடத் தாண்டவில்லை. முன்பின் அறியாதவர்கள் கரி என்று சொன்னது அவளைத் தொடவே இல்லை. ஒன்பது வருஷமாக அவள் கையால் கோப்பி வாங்கிக் குடித்தவன், ஒரு வார்த்தை கேட்காமல், உலகமே பார்க்கிற இடத்தில் அவளை அழுக்குப் பிடித்தவள் என்று ஒத்துக்கொண்டுவிட்டானே, அதுதான் வலித்தது. கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளக் கை போனபோதும் நெற்றியில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

வெங்கட் இரண்டு மணிக்குத்தான் வந்தான். தஞ்சோங் பகாரில் யாரையோ பார்க்கப் போனவன், போகிற வழியில் ரயிலில் இருந்தபடியே அந்தப் பதிலைத் தட்டிவிட்டிருக்கிறான். காலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகாமல் அவனுக்கு நாள் விடியாது. நெற்றியில் மூன்று பட்டை, கோடு பிசகாமல் பளிச்சென்று இருந்தது.

“என்ன ஆன்ட்டி, அடுப்புக்கு மேல இருக்குற பொக ஹூட்ட கழுவச் சொன்னேன். கழுவி முடிச்சதும் கண்ணாடில ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?”

“ஹூட் நேத்தே கழுவியாச்சு. இது கரி இல்ல தம்பி. இன்னிக்கு விபூதிப் புதன். சாமியார் பூசிவிட்டது.”

“விபூதியா?” வெங்கட் குனிந்து பார்த்தான். “கறுப்பாவா?”

“கறுப்பாத்தான்.”

“சத்தியமா தெரியாது ஆன்ட்டி. சாரி.”

“தெரியாம செஞ்சீங்க, சரி. இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல? அந்தப் பதில எடுங்க.”

வெங்கட் பெருமூச்சு விட்டான். “அது அவ்வளவு ஈஸி இல்ல லா. இப்ப எடுத்தா கெஸ்ட்டோட சண்ட போடுறோம்னு ஆயிடும். ஏற்கெனவே ரேட்டிங் எறங்கிக் கெடக்கு. அவங்ககிட்ட மெசேஜ்ல பேசிட்டேன். நீங்க மூஞ்ச கழுவிட்டு வந்து ஒரு சாரி சொன்னா, மாத்தி எழுதுறோம்னு சொல்றாங்க. இப்ப வந்துருவாங்க. ஒரே ஒரு தடவ, ஆன்ட்டி. எனக்காக.”

“கழுவலேன்னா?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கழுவலேன்னா நாளைலேர்ந்து நான் வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்.”

முன்மேசையில் பவித்ராவின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. அறுபத்தொரு வயதில் வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று அல்போன்சம்மாள் யோசிக்காமல் இல்லை. நிறையவே யோசித்தாள். முழங்கால் வலி, ஏழாம் மாடி வீடு, எல்லாம் ஒரு நிமிஷத்தில் கண்முன் வந்து போயின. பிறகு உள்ளே போய்ப் புதிய வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். அப்பாடா, கழுவப் போகிறாள் என்று வெங்கட்டின் முகம் தெளிந்தது. அவள் துண்டை அவனிடம் நீட்டினாள்.

“மொதல்ல நீங்க.”

“என்ன ஆன்ட்டி?”

“உங்க நெத்தியில இருக்குறதும் சாம்பல்தானே? நீங்க துடைங்க. நீங்க துடைச்ச மறுநிமிஷம் நானும் துடைக்கிறேன். ரெண்டு பேருமா நின்னு சாரி சொல்லுவோம்.”

“அது வேற, இது வேற ஆன்ட்டி.”

“என்ன வேற? உங்களுது மொதலாளி சாம்பல், என்னுது வேலக்காரி சாம்பலா?”

வெங்கட் கையை நீட்டினான். துண்டை வாங்கினான். விளையாட்டாகவாவது துடைத்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, புருவம் வரை கொண்டுபோனான். அதற்கு மேல் கை ஏறவில்லை. துண்டிலிருந்து ஒரு சொட்டு அவன் சட்டையில் விழுந்தது.

“முடியலல்ல?” என்றாள் அல்போன்சம்மாள். குரலில் கேலி இல்லை. “எனக்கும் முடியாது தம்பி.”

படிக்கட்டில் காலடிச் சத்தம். நாலாம் நம்பர்க்காரர்கள் கை நிறையப் பைகளோடு மேலே வந்தார்கள். அந்தப் பெண் அல்போன்சம்மாளின் நெற்றியைப் பார்த்தாள், பிறகு வெங்கட்டைப் பார்த்தாள். பேசி முடித்துவிட்டதாகச் சொன்னீர்களே என்று கேட்டாள். வெங்கட் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். இவன் சொல்வான் என்று இனியும் காத்திருந்தால் தவக்காலமே முடிந்துவிடும் என்று அல்போன்சம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்கு இருக்கிற ஆங்கிலம் அவளுக்குப் போதும்.

“மேடம், ரூம் கிளீன்?”

அந்தப் பெண் பைகளைக் கீழே வைத்தாள். கணவன்தான், “வெரி கிளீன்,” என்றான்.

“டாய்லெட் கிளீன்? பெட்ஷீட் கிளீன்?”

“யெஸ், யெஸ்.”

“குட். ரூம் யூ ரென்ட். மை ஃபேஸ் நோ ரென்ட்.” நெற்றியைத் தொடாமல் விரலால் சுட்டிக் காட்டினாள். “திஸ் ப்ரேயர். ஐ நோ வாஷ். ஐ நோ சாரி.”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. வெங்கட்டின் பக்கம் திரும்பி, இங்கே வேலை செய்கிறவர்கள் விருந்தினரிடம் இப்படித்தான் பேசுவார்களா என்று கேட்டாள்.

பவித்ரா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டாள். வெங்கட் கையிலிருந்த ஈரத் துண்டை மேசையில் வைத்தான்.

“யெஸ்,” என்றான். “இவங்க இப்படித்தான் பேசுவாங்க. நான்தான் தெரியாம மன்னிப்புக் கேட்டுட்டேன். அந்த மன்னிப்பு தப்பு.” ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அல்போன்சம்மாளுக்குப் புரிந்தது.

அவர்கள் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்கள். இருக்கிற இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று இன்று ராத்திரிக்குள் போய்விடும் என்று பவித்ரா முணுமுணுத்தாள். வெங்கட் ஒரு நன்றிக்கோ ஒரு சிரிப்புக்கோ காத்திருப்பவன்போல அல்போன்சம்மாளைப் பார்த்தான். அவள் மேசையிலிருந்த அவன் ஃபோனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“என் காதுல சொன்னது போதாது தம்பி. ஊரே பாக்குற எடத்துலதானே என்னைய அழுக்குன்னு எழுதுனீங்க? அங்கயே எழுதுங்க. நான் நிக்கிறேன்.”