மூன்று முறை திறந்த விதைப் பை

ஜூன் 9. விதைப் பையை மூன்று முறை திறந்து பார்த்தது என் தவறு.

மாலை வகுப்பு நோட்டில் இப்படி எழுதிய லாரியாவின் முன்னே தட்டைப்பயறு கொட்டிக் கிடந்தது. பத்துப் பத்தாகப் பிரித்துப் பார்த்தாள். பத்தில் ஒன்பதில் வண்டு துளைத்த ஓட்டை. நேற்றே விதைப்பு மழை பெய்துவிட்டது. மராடி வட்டாரத்தில் யாரிடமும் மிச்ச விதை இல்லை.

"காத்துப் புகாம கட்டினா வண்டு செத்துரும்னு நீதானே படிச்சிட்டு வந்து சொன்ன?" என்றாள் அவள் கணவனின் மூத்த மனைவி தெலு.

"செத்துச்சான்னு பாக்கத்தான் திறந்தேன், அக்கா."

"அதுகளும் நல்லா மூச்சு வாங்கிக்கிச்சு."

கம்புக்கு நடுவே இந்த வருஷம் எதை ஊன்றுவது? லாரியா நோட்டில் அடுத்த வரியை எழுதினாள்: நாளை காலை ஓட்டையில்லாத பயற்றைப் பொறுக்க வேண்டும்.