ஆமாங்கவுக்குப் பதிலாக வெளியே போனது

மாத்திரையை விட்ட ஒன்பதாம் நாள் காலையில், மூன்றாம் பிளாக் கைதி ஆமாங்கவின் போதை அவன் உடம்பிலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதே உயரம், அதே முகம்; உதடு மட்டும் வெடித்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்றே என்று டாக்டர் தலையில் கை வைத்தார். வார்டர்கள் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு அதற்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள்.

ஆமாங்கவுக்கு முப்பது வயது. கேள்வி கொஞ்சம் நீண்டால், முடிவதற்குள் அதன் முன்பாதி அவனுக்கு நழுவிவிடும். அதனால் எதைக் கேட்டாலும் 'ஆமாங்க' என்பான்; அதுவே அவன் பெயராகிவிட்டது. அப்படிச் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. எவனோ கொடுத்த பையைச் சுமந்து ஜெயிலுக்கு வந்ததும் அப்படித்தான். உள்ளே மற்றவர்களின் மாத்திரைகளை ஒளித்து வைத்தான், பிறகு தானும் விழுங்கப் பழகினான்.

மறுவாழ்வு வகுப்பில் தேறினால்தான் விடுதலை. வகுப்பு முழுக்கப் புத்தகம், தேர்வு முழுக்க எழுத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஆசிரியைக்கும் தெரியும். மேலிடம் வேறு வழி தரவில்லை. எழுதத் தெரியாதவனிடம் வாயால் கேட்டுப் பார்த்தார்.

"புரிஞ்சுதாப்பா?"

"ஆமாங்க."

"இன்னும் மாத்திரை வேணும்னு தோணுதா?"

"ஆமாங்க."

நான்கு வருடத்தில் ஏழு முறை தோற்றான். ஏழு முறையும் அவன் அக்கா புதுச்சட்டையோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பின்பெஞ்சிலிருந்த போதையோ எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தது. எட்டாம் தேர்வில் ஆமாங்க பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, அது அவன் பெயரில் எழுதித் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கி, சான்றிதழோடு வெளியே வந்தது. கைரேகைகூடப் பொருந்தியது. சட்டையை நீட்டிய அக்கா, உதட்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என் தம்பி இல்லீங்க. அவன் உள்ள இருக்கான்."

"அவன் விடுதலையாயிட்டான்னு பதிவாயிடுச்சேம்மா. விட்டவனையே மறுபடி எப்படி விடுறது?" என்றார் ஜெயிலர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். வயிறு எரிவதும் அதனால்தான்.

கொடுத்ததை அவள் கூட்டிப்போனாள். அது வீட்டு மூலையில் உட்கார்ந்து நாள் முழுக்க மாத்திரை கேட்கிறது. ஞாயிறுதோறும் அதற்குச் சோறு வைத்து, கதவைப் பூட்டிவிட்டு, மாத்திரையின் நினைப்பே இல்லாத தம்பியைப் பார்க்க ஜெயிலுக்கு வருகிறாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று முதல் வருடம் கேட்டான். இப்போது கேட்பது வேறு.

"அது சாப்பிடுதாக்கா?"

"சாப்பிடுதுடா."

"அடிக்காதக்கா. பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் அடிப்பதில்லை.