பெரிய ஆச்சானின் தமனி

அன்று வகுப்பில் ஒவ்வொரு நுண்ணோக்கியிலும் ஆசிரியை நுவன்சான் வைத்த ஸ்லைடு, அவள் கணவர் தவத்தின் இதயத்திலிருந்து சீவி எடுத்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் சிவப்பு வாடகை வண்டி ஓட்டியவர்; மாரடைப்பில் போனார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்த அன்று, "வகுப்புக்கு வெளியே ஒத்தைக் கால்ல நின்னவன் நான். செத்தா எனக்கும் பெரிய ஆச்சான்னு பேரு, பாரேன்," என்று சிரித்தார். உடல் கொடுத்தவர்களை மாணவர்கள் பெரிய ஆச்சான், அதாவது பெரிய ஆசிரியர் என்றுதான் அழைப்பார்கள். மல்லிகைச் சரம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள்.

அடுத்த வாரம் அவருக்கு எரியூட்டு. அவரிடம் படிக்க இதுதான் கடைசி வகுப்பு. எதனால் செத்தாரோ அதை இந்தப் பிள்ளைகள் பார்த்து வரைந்துவிட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான்.

சுவர் தடித்து வட்டமாக நிற்பது தமனி, மெலிந்து துவண்டு கிடப்பது சிரை என்று சொல்லி, நடுவிலுள்ள தசை அடுக்கை முதலில் தேடச் சொன்னாள். பிறகு பென்சில் உரசும் சத்தம் மட்டும்.

தாள்களைப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது. எல்லாத் தமனியும் முழுநிலா மாதிரி, உள்ளே துப்புரவாக. ஸ்லைடிலோ உட்சுவரில் கொழுப்பு மேடிட்டு, ரத்தம் போகப் பிறையளவு வழிதான். புத்தகத்தைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். ஆனால் பக்கத்திலிருந்த சிரையை ஒரு மடிப்பு விடாமல், நசுங்கியது நசுங்கியபடியே வரைந்திருந்தார்கள். அப்படியானால் பார்த்திருக்கிறார்கள்.

முன்வரிசையிலிருந்த மொட் என்ற ஒல்லிப் பெண்ணிடம் காரணம் கேட்டாள்.

"பெரிய ஆச்சானோட கோளாறைப் படம் போட்டுக் காட்டுறது மரியாதையில்லீங்க, ஆச்சான். அதுவும் உங்க வீட்டுக்காரரு."

"நான் லேசா ஒரு கோடு போட்டேங்க. இவதான் அழிக்க வச்சா," என்று பின்னாலிருந்து கெங் போட்டுக் கொடுத்தான்.

நுவன்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவத் ஆசையாகத் தின்ற பன்றித்தோல் வறுவலை எல்லாம் இவர்கள் ரப்பரால் துடைத்துவிட்டார்கள். சாக்குக் கட்டியை எடுத்துப் பலகையில் வட்டம் போட்டாள். அதற்குள் அந்த மேட்டை, இருந்தபடியே, அழுத்தி வரைந்தாள்.

"நல்லா இருக்கிற குழாயைக் காட்டவா அவரு உங்ககிட்ட வந்தாரு? அதுக்குப் புத்தகம் போதும். நெஞ்சுல வாயுப் பிடிப்புன்னு அவரு சொன்ன நோவு இதுதான். நாளைக்கு ஒருத்தர் உங்க முன்னால வந்து உக்காந்து அதையேதான் சொல்லுவாரு. அப்ப இந்தப் பிறை உங்க கண்ணுல நிக்கணும். மரியாதைன்னா அது."

புதுத் தாள்கள் புரண்டன. கெங் அழித்த கோட்டைத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தான்.

சற்றுப் பொறுத்து மொட் தாளை நீட்டினாள். "கொழுப்பு இவ்வளவு போதுமாங்க, ஆச்சான்?"

"எங்கிட்ட கேக்காத. அவருகிட்ட கேளு."

மொட் நுண்ணோக்கியைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு குனிந்து கண்ணை வைத்தாள், வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.